இடப்பக்க மட்காட்

ஏவன்டேல், ஓக்லாந்து
செப்டெம்பர் 8, 2024

அன்பின் இவோன் அக்காவுக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், சுகம் விசாரிப்பது அதற்குப் பிறகு. நாலு வருஷமாகக் கராஜில் கட்டிக்கொண்டிருந்த காரைப் போன வியாழன் ட்ரெயிலரில் ஏற்றிப் பரிசோதனைக்குக் கொண்டுபோனேன். என் கலியாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். பொத்தான் பூட்டவில்லை, மூச்சும் விட வேண்டும்தானே. கையில் டோறின் சுட்ட மீன் ரோல்ஸ் ஒரு பெட்டி. வீட்டில் கட்டின வண்டிகளைப் பார்த்துச் சான்று கொடுக்கிற டெரெக் என்ற வெள்ளைக்காரர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "மட்காட் எங்கே?" என்று கேட்டார். நான் கோட்டுப் பைக்குள் கை விட்டுப் பார்த்தேன். அக்கா, எஞ்சின் வைத்தேன், பிரேக் வைத்தேன், ஹோர்ன்கூட வைத்தேன். நாலு சக்கரத்துக்கும் மேலே ஒன்றுமில்லை. அப்படித்தான் வடிவு என்று நினைத்துவிட்டேன். ரோல்ஸை அவர் ஏற்றுக்கொண்டார். காரை ஏற்கவில்லை.

படம் அனுப்பினால் உங்கள் மடத்தில் தர மாட்டார்களோ தெரியாது, அதனால் எழுதியே காட்டுகிறேன். இரண்டு பேர் மட்டும் இருக்கலாம். கூரை இல்லை. முன்சக்கரம் இரண்டும் உடம்புக்கு வெளியே, தவளையின் கால் மாதிரி நிற்கும். நிறம் பச்சை, தவளைக்குப் பொருத்தமாகத்தான்.

பக்கத்து வீட்டுத் தண்டபாணி கோயம்புத்தூர்க்காரர், கம்ப்யூட்டர் வேலை. என் ஆங்கிலம் எட்டாம் வகுப்போடு நின்றது என்று அவருக்குத் தெரியும். விதிப் புத்தகத்தை அவர்தான் வாசித்துச் சொன்னார். "ஆமாங்க, டயர் அகலம் பூராவும் மூடணுமாம். ஓரம் கையை வெட்டக் கூடாதாம். சக்கரம் திரும்பினா அதுவும் கூடத் திரும்பணுமாம்." இவ்வளவுதான். நான் தினமும் வேலையில் ட்ரெயிலருக்குத் தகடு வளைக்கிறவன். நாலு மட்காட் எனக்கு என்ன பெரிய வேலை.

அப்பா ஓட்டின லொறி முதலாளியுடையது. நான் ஓட்டினதெல்லாம் கம்பனியுடையது, இல்லாவிட்டால் வங்கியுடையது. என் கையால் கட்டினதை நானே பிடித்து, முரிவாய்க் கடற்கரை வரை ஒரு தடவை ஓட்ட வேண்டும். டோறின் பக்கத்தில் இருக்க வேண்டும். வேறு ஆசை இல்லை.

பரிசோதனை முடிந்து திரும்பி வரும்போது ஒரு கம்பம் திடீரென்று வந்து, ட்ரெயிலரை இழுத்த எங்கள் வான் வண்டியின் இடப்பக்கக் கண்ணாடியைத் தட்டிவிட்டுப் போனது. இந்த நாட்டில் கம்பத்துக்கும் லைசென்ஸ் கொடுக்கிறார்கள் போல.

மதருக்கும் உங்கள் முழங்காலுக்கும் நான் சுகம் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தம்பி,
சில்வெஸ்ரர்


மடம்
ஒக்டோபர் 6, 2024

அன்பின் தம்பிக்கு,

உன் கடிதத்தைப் பொழுதுபோக்கு நேரத்தில் வாசித்துக் காட்ட மதர் சொன்னார். கோட்டுப் பைக்குள் கை விட்ட இடத்தில் எங்கள் வயதான சிஸ்ரர் ஒருவருக்குச் சிரித்து இருமல் பிடித்துவிட்டது. அவருக்கு மருந்து கொடுத்த செலவை உன் கணக்கில் எழுதச் சொன்னார்கள். என் முழங்கால் மழைக்கு முதல் நாளே மழையைச் சொல்லிவிடுகிறது. மற்றபடி சுகமே.

நீ கார் கட்டுவது அப்பாவுக்குத் தெரிந்திருந்தால் இரண்டு நாள் அதைச் சுற்றியே நடந்திருப்பார்.

ஒன்று கேட்கிறேன். அந்தக் கம்பம் முன்பு அங்கே இருந்ததில்லையா? நீ எப்போதும் போகிற வழிதானா? கண்ணாடி மாற்றி எவ்வளவு காலம்?

இங்கே தொலைபேசி இல்லை என்று தெரியும்தானே. நத்தாருக்கு முந்தின திருவருகைக் காலத்திலும், உயிர்ப்புக்கு முந்தின தவக்காலத்திலும் கடிதமும் இல்லை. அதற்கு முன்பே பதில் போடு. டோறினுக்கு என் அன்பு.

செபத்தில் உன்னை மறவாத,
இவோன் அக்கா


ஏவன்டேல்
நவம்பர் 3, 2024

அன்பின் அக்காவுக்கு,

இருமின சிஸ்ரருக்கு என் மன்னிப்பு. இந்தக் கடிதத்தை அவருக்கு அரைவாசி மட்டும் வாசியுங்கள்.

மட்காட் நாலும் முடித்தேன். ஓரத்தைக் கம்பி வைத்து உருட்டினேன், குழந்தை நக்கினாலும் வெட்டாது. மறுபடியும் ட்ரெயிலரில் ஏற்றிக் கொண்டுபோனேன். டெரெக் ஓரம் முழுவதும் உள்ளங்கையை ஓட்டினார், தலையாட்டினார். பிறகு சட்டம் மாதிரி நேரான பலகை ஒன்றை எடுத்து ஒவ்வொரு சக்கரத்தின் ரயருக்கும் பிடித்துப் பார்த்தார். மூன்று சரி. முன்னுக்கு இடப்பக்கம் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு ரயர் வெளியே நிற்கிறதாம். "அளந்து செய்தாயா?" என்று கேட்டார். அளந்துதான் செய்தேன். அந்தப் பக்கம் ரயர் வளர்ந்திருக்க வேண்டும் என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ரோல்ஸ் கொண்டு போகாதது என் பிழை.

டோறினுக்கு லின்ஃபீல்டில் முதியோர் இல்லத்தில் இப்போதும் வேலை. வீட்டில் நடக்கிறதெல்லாம் அவளுக்குப் பகிடி, சிரிப்பு. போன கிழமை தேநீரைக் கொண்டுவந்து என் இடப்பக்கம் வைத்தாள், கோப்பை திடீரென்று என் முழங்கையில் வந்து மோதி விழுந்தது. கோயிலில் நவரத்தினம் அண்ணை கை நீட்டிக்கொண்டு நின்றாராம், நான் பாராமல் போனேனாம். பணக்காரன் ஆகிவிட்டேன் என்று கதை. பார்சல் வான் ஒன்றும் சந்தியில் திடீரென்று வந்தது. இங்கே எல்லாம் அவசரம்.

கண்ணாடியைப் பற்றிக் கேட்டீர்கள். யன்னலுக்குப் போன மாதம்தான் புதுக் கண்ணாடி போட்டோம்.

உங்கள் முழங்காலிடம் இங்கத்தைய மழையையும் கேட்டுச் சொல்லுங்கள், ட்ரெயிலர் பதிவு செய்ய வேண்டும்.

உங்கள் தம்பி,
சில்வெஸ்ரர்


மடம்
நவம்பர் 24, 2024

அன்பின் தம்பி,

உன் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. அடுத்த ஞாயிறு திருவருகைக் காலம் தொடங்குகிறது, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். இதை யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை.

கம்பம் திடீரென்று வந்தது. கோப்பை திடீரென்று வந்தது. வான் திடீரென்று வந்தது. ரயர் வளர்ந்தது. எல்லாம் இடப்பக்கம். இப்படிக் கதைத்த ஒருவரை எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும்.

உன் இடது தோளில் கதவு நிலை பட்ட காயம் இருக்கிறதா? ஓம் அல்லது இல்லை என்று எழுது. பகிடி வேண்டாம். நத்தாருக்கு உன் பதில் என் கையில் இருந்தால் போதும், வேறு பரிசு வேண்டாம்.

இவோன் அக்கா


ஏவன்டேல்
பெப்ரவரி 9, 2025

அன்பின் அக்காவுக்கு,

நத்தாரும் போய்ப் புதுவருஷமும் போய்விட்டது, பதில் பிந்திவிட்டது. கராஜில் வேலை கூடிவிட்டது. நீங்கள் எல்லோரும் சுகமாய் இருப்பீர்கள், ஆண்டவருக்குப் பக்கத்து வளவில் இருக்கிறவர்களுக்கு என்ன குறை.

நத்தாருக்கு மகன் அன்றூ வெலிங்டனிலிருந்து வந்து நின்றான். காரைப் பார்த்து "சோ கூல், டாட்" என்றான், பிறகு மூன்று நாளும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். தண்டபாணி வீட்டுப் பாக்யலட்சுமி தந்த முறுக்கு இன்னும் முடியவில்லை. ஞாயிற்றுச் சந்தையில் வெண்டிக்காய் விலை கேட்டால் நீங்கள் மடத்தை விட்டு ஓடி வந்துவிடுவீர்கள்.

இடப்பக்க மட்காட்டை இரண்டாம் முறை அடித்தேன். டெரெக் வீட்டுக்கே வந்து பார்த்தார். இந்த முறை அகலம் சரி, ஆனால் கோணலாம், சக்கரம் திருப்பினால் ரயரில் உரசுகிறதாம். மூன்றாம் முறை அடித்துக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் அவசரம் இருக்கிறது. ஜூனில் என் லைசென்ஸ் முடிகிறது. புதுப்பிக்கப் போனால் கண்ணை ஒரு மெஷினுக்குள் வைத்துப் பார்ப்பார்கள். அதற்கு முன்னே கார் றோட்டில் நிற்க வேண்டும். ஒரு தடவை ஓடிவிட்டால் போதும், பிறகு மெஷின் என்னவும் சொல்லட்டும்.

நீங்கள் கேட்ட கேள்வி ஞாபகம் இருக்கிறது. கதவு நிலை நல்ல உறுதி. அதற்கு ஒரு காயமும் இல்லை.

சில்வெஸ்ரர்


மடம்
மார்ச் 9, 2025
தவக்காலம் முதல் ஞாயிறு

அன்பின் தம்பி,

உன் கடிதம் விபூதிப் புதனன்று வந்தது. உயிர்ப்பு ஞாயிறு வரை அது மதரின் மேசையில் கிடந்திருக்க வேண்டும். நான் போய் முழந்தாளிட்டுக் கேட்டேன். வாசிக்கவும் பதில் எழுதவும் அனுமதி தந்தார். மடத்துக்கு வந்த நாளிலிருந்து தவக்காலத்தில் நான் எழுதுகிற முதல் கடிதம் இது. அதிலிருந்தே விளங்கிக்கொள்.

அப்பா களைத்துப்போய் லொறியை விட்டார் என்று உனக்குச் சொல்லியிருந்தார்கள். நீ அப்போது சின்னன். நான் சொல்கிறேன், கேள்.

பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் அப்பா என்னை லொறியில் ஏற்றிக்கொண்டு போவார். இடப்பக்கச் சீட்டில் நான். முதலில் விளையாட்டுக்கு என்று நினைத்தேன். "பிள்ளை, அந்தப் பக்கம் என்ன தெரியுது?" என்று கேட்பார். மாடு அப்பா, வண்டில் அப்பா, ஒன்றுமில்லை அப்பா என்று சொல்லிக்கொண்டே வருவேன். சந்தி வந்தால் என் வாயைப் பார்ப்பார். அம்மாவிடம், "எல்லாம் திடீரெண்டு வருது" என்று ஒருநாள் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். அம்மா, "தூக்கமில்லாததுதான்" என்று சொன்னா.

பிறகு நான் விடுதிப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அந்த மாசியில், தலைமன்னார் றோட்டில், இடப்பக்கத்தில் சைக்கிளில் வந்த ஒருவரை அப்பா காணவில்லை. உயிர் போகவில்லை. வலது கால் முழங்காலோடு போய்விட்டது. அவர் உனக்குத் தெரிந்தவர்தான். பஸ் நிலையத்தில் லொத்தர்ச் சீட்டு விற்ற சவிரிமுத்து அண்ணன். ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்பா ஓலைப் பையில் மீன் கட்டித் தருவார், நீதான் கொண்டுபோய்க் கொடுப்பாய்.

அப்பா கெட்டவர் இல்லை. ஓட்டாவிட்டால் தான் ஆர் என்று அவருக்குத் தெரியவில்லை. உனக்கும் அதுதான் பயம் என்று நினைக்கிறேன். நீ கட்டின காரை நீ ஓட்டாவிட்டாலும் அது நீ கட்டின காராகத்தான் இருக்கும்.

டோறினுக்கு நான் ஒன்றும் எழுதவில்லை. எழுதவும் மாட்டேன். அது நீ சொல்ல வேண்டியது.

இவோன் அக்கா


ஏவன்டேல்
ஏப்ரல் 6, 2025

அன்புள்ள இவோன் மச்சாளுக்கு,

நான் டோறின். இந்தக் கடிதம் உயிர்ப்புத் திருநாளுக்குப் பிறகுதான் உங்கள் கைக்கு வரும் என்று தெரியும். ஆனாலும் இப்போதே எழுதினால்தான் மனம் ஆறும். உங்கள் சுகத்துக்கு நானும் வேண்டிக்கொள்கிறேன்.

தவக்காலத்தில் உங்கள் கடிதம் வந்ததைப் பார்த்ததும் சிலுவை அடையாளம் போட்டேன். அங்கே யாருக்கும் என்னவோ என்று நினைத்தேன். இவர் அதைக் கராஜுக்குக் கொண்டுபோய் வாசித்தார். சுத்தியல் சத்தம் நின்றுவிட்டது. பிறகு சில நாட்கள் என்னை ஒருக்காலும் சீண்டவில்லை. கறிக்கு உப்புக் கூடினதற்குக்கூட ஒன்றும் சொல்லவில்லை. மச்சாள், அந்த வீட்டில் இருக்க எனக்குப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்து வந்து கராஜுக்குள் போனேன். காருக்கு முன்னால் ஸ்டூலில் இருந்தார்.

"டோறின், உமக்கு ஒண்டு சொல்ல வேணும்."

"சொல்லுங்கோ."

"எனக்கு இடப்பக்கம் ஒண்டும் இல்லை. வெறுமையா இருக்கு."

"நான் நிக்கிறன்."

அவர் முழுதாகத் தலையைத் திருப்பித்தான் என்னைக் கண்டார். நான் அவருடைய இடப்பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் நின்றிருந்தேன்.

மச்சாள், முதியோர் இல்லத்தில் இப்படி எத்தனை பேருக்குக் கரண்டி எடுத்துக் கையில் கொடுத்திருக்கிறேன். எனக்கு ஒக்டோபரிலேயே தெரியும். தேநீரை இடப்பக்கம் வைத்தது நான் வேண்டுமென்றே செய்தது. அது உண்மையா என்று பார்க்கத்தான். அன்றிலிருந்து எங்கே போனாலும் கார்ச் சாவியை முதலில் நான் எடுத்துவிடுவேன். அவர் ஓட்டினால் எனக்கு வாந்தி வருகிறது என்று சொன்னேன். அதற்கும் பகிடி பண்ணினார், ஆனால் சாவியைத் திருப்பிக் கேட்கவில்லை. நான் இல்லாத நேரத்தில் ஓட்டினாரா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. நான் முதலே வாய் திறந்திருந்தால் அவர் காரைப் பாதியில் விட்டுவிடுவார். கார் இல்லாமல் இந்த மனிசன் எப்படிக் காலமை எழும்புவார் என்று யோசித்தேன். அது சரியோ பிழையோ தெரியாது.

இன்னொன்றும் இருக்கிறது, இது அவருக்கு இன்னும் சொல்லவில்லை. எனக்கு ஒட்டோமெட்டிக் கார்தான் தெரியும். அந்தப் பச்சை வாகனத்துக்குக் கியர் போட வேண்டும். எங்கள் வேலையிடத்துச் சோபனாவின் பழைய காரில், த்ரீ கிங்ஸ் கடைகளின் கார்ப் பார்க்கில், ஞாயிறு காலமைகளில் பழகுகிறேன். இவரிடம் பாடற்குழு என்று சொல்லியிருக்கிறேன். ஆண்டவர் மன்னிக்கட்டும், எனக்கு ஒரு சுருதியும் வராது என்று அவருக்கே தெரியும்.

உங்கள்,
டோறின்


ஏவன்டேல்
ஏப்ரல் 27, 2025

அன்பின் அக்காவுக்கு,

உயிர்ப்புத் திருநாள் வாழ்த்துகள். மடத்தில் முட்டை தந்தார்களா?

ஓம். தோளில் காயம் இருக்கிறது. நவம்பரில் நீங்கள் கேட்டதற்குப் பதில்.

நவம்பரிலேயே மூக்குக் கண்ணாடிக் கடைக்கு ஒருநாள் ஒளித்துப் போனேன். அங்கே இருந்த பெண்பிள்ளை என் கண்ணை இரண்டு தரம் பார்த்துவிட்டு, பெரிய டொக்டரிடம் காட்டும்வரை ஓட்ட வேண்டாம் என்று சொன்னாள். எனக்கு ஆங்கிலம் விளங்கவில்லை என்று நடித்துவிட்டு வந்தேன். இப்போது டோறினோடு பெரிய டொக்டரிடம் போய்விட்டோம். குளோக்கோமா என்று பெயர். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பைத் தின்கிறதாம். தின்றது திரும்பி வராது. மிச்சத்தைத் தின்னாமல் இருக்கச் சொட்டு மருந்து. அப்பாவுக்கு இருந்ததா என்று கேட்டார்கள். ஓம் என்று சொன்னது டோறின். அன்றூவையும் காட்டச் சொன்னார்கள். அவனுக்கு அன்றே போன் எடுத்தேன்.

இன்னொன்று இருக்கிறது. டோறினுக்குச் சொல்லிவிட்டேன், உங்களுக்கும் சொல்ல வேண்டும். ஜனவரியில் ஒருநாள் டோறின் வேலைக்குப் போயிருந்தாள். நான் வானை எடுத்துக்கொண்டு ஆணி வாங்கப் போனேன். டெய்ரிக் கடைக்கு முன்னால், சனம் றோட்டைக் கடக்கிற கோட்டில், தடி ஊன்றின கிழவர் ஒருவர் பால் வாங்கிக்கொண்டு இடப்பக்கத்தால் இறங்கியிருக்கிறார். நான் காணவில்லை. கடைக்காரன் கத்தின சத்தத்துக்கு பிரேக்கை மிதித்தேன். அவரில் படவில்லை. பால் போத்தல் விழுந்து றோட்டெல்லாம் வெள்ளை. அவர் என்னைத் திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். "சொறி" என்று மன்னிப்புக் கேட்டது அவர்தான். நான் வேறு பால் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்து உங்களுக்கு வெண்டிக்காய் விலை எழுதினேன்.

சவிரிமுத்து அண்ணனைப் பற்றி எழுதினீர்கள். மீன் பை மணக்கிறது என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் முணுமுணுத்துக்கொண்டுதான் கொண்டுபோவேன். அவர் பையை வாங்குவார், உள்ளே பார்க்க மாட்டார். வேண்டாம் என்றும் சொன்னதில்லை, நன்றி என்றும் சொன்னதில்லை. விளையாட எனக்குப் பழைய லொத்தர் சீட்டுக் கொஞ்சம் தருவார். அப்பா, "என்ன சொன்னவர்?" என்று கேட்பார். "ஒண்டும் சொல்லேல்லை" என்பேன். அப்பா உடனே வீட்டுக்குப் பின்னால் போய்விடுவார். ஏனென்று இப்போதுதான் விளங்குகிறது. இத்தனை வருஷம் நீங்கள் இதைத் தனியாக வைத்திருந்தீர்கள்.

வானை விற்றுவிட்டேன். வேலைக்கு நவரத்தினம் அண்ணை ஏற்றிக்கொண்டு போகிறார், வழி முழுக்க அவருடைய கொலஸ்ட்ரோல் கதை. பாவத்துக்குத் தண்டனை என்று கேட்டுக்கொண்டு போகிறேன்.

மட்காட்டை டோறின் பிடித்தாள், நான் அடித்தேன். அவள் விரலால் தொட்டு "இஞ்ச, இன்னும் கொஞ்சம்" என்று சொன்ன இடத்தில் அடித்தேன். கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தேன். நல்லாய் வந்திருக்கிறது. ஆர் ஓட்டப்போகிறார் என்றுதான் தெரியவில்லை. தண்டபாணி, "நான் ஓட்டுறேங்க" என்று வந்து நிற்கிறார். கோபம் வந்தது அக்கா. அவர் பாவம், நல்ல மனசோடு கேட்டார்.

உங்கள் தம்பி,
சில்வெஸ்ரர்


மடம்
மே 18, 2025

அன்பின் தம்பி,

முட்டை தந்தார்கள், ஆளுக்கொன்று. உன் பங்கை இருமல் சிஸ்ரர் சாப்பிட்டார்.

உன் கடிதத்தைப் பல தடவை வாசித்தேன். பால் சிந்தின இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். பால்தான் சிந்தியது. அதற்காகக் கோவிலில் நன்றி சொன்னேன்.

சவிரிமுத்து அண்ணன் போன வருஷம் காலமாகிவிட்டார். அவருடைய மகள் எங்கள் சந்திப்பு அறைக் கிராதிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று சொன்னாள். "சனிக்கிழமை மீன் வாற வீட்டுப் பிள்ளை எங்கே?" என்று கடைசியில் கேட்டாராம். நீ நியூசிலாந்தில் என்று சொல்லியிருக்கிறாள். "அங்க மீன் இருக்குதோ?" என்று கேட்டாராம்.

ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் இருக்கிற வேலையையும் சின்னதாக நினைக்காதே. நான் செய்திருக்கிறேன். சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு.

செபத்தில் உன்னோடு,
இவோன் அக்கா


ஏவன்டேல்
ஜூன் 22, 2025

அன்பின் அக்காவுக்கு,

உங்கள் முழங்கால் இங்கத்தைய குளிரைச் சொல்லியிருக்கும். சொட்டு மருந்து காலையும் மாலையும் நடக்கிறது. அழுத்தம் இறங்கியிருக்கிறதாம்.

சவிரிமுத்து அண்ணன் மீனைக் கேட்டதை வாசித்தேன். அன்று நான் வேலைக்குப் போகவில்லை. கோயிலில் அவர் பேருக்குப் பூசை ஒப்புக்கொடுத்தோம். பூசை முடிய டோறின் மீன் வாங்கி வந்து சமைத்தாள். ஒரு பங்கைத் தண்டபாணி வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவர்கள் சைவம் என்று வாசலில்தான் ஞாபகம் வந்தது. திருப்பிக் கொண்டுவந்து நானே சாப்பிட்டேன்.

டெரெக் செவ்வாய்க்கிழமை வந்தார். இடப்பக்க மட்காட்டுக்குப் பலகையைப் பிடித்தார், சக்கரத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார், ஓரத்தில் உள்ளங்கையை ஓட்டினார். பிறகு வலப்பக்கத்தையும் பார்த்துவிட்டு, "இடதுதான் இரண்டிலும் திறம்" என்றார். சான்றுத் தகட்டைத் தந்தார். அதைக் காரில் நான் அறையும்போது டோறின் தகட்டைப் பிடித்துக்கொண்டாள். ரோல்ஸ் கொடுத்தோம்.

அவர் போனதும் சாவியை டோறினிடம் நீட்டினேன், தண்டபாணியைக் கூப்பிட்டு வரட்டுமா என்று கேட்டேன். அவள் வாங்கிக்கொண்டு போய் வலப்பக்கச் சீட்டில் ஏறினாள். கிளச்சை மிதித்தாள், கியரைப் போட்டாள், எஞ்சின் இருமாமல் ஓடியது. நான் கராஜ் வாசலில் நின்றேன். "பாடற்குழுவில படிப்பிச்சவை" என்றாள். எனக்குப் பகிடி ஒன்றும் வரவில்லை அக்கா. கொஞ்ச நேரம் கராஜுக்குள் போய்ச் சாமான் தேடுகிற மாதிரி நின்றுவிட்டு வந்தேன்.

நேற்று முரிவாய்க்குப் புறப்பட்டோம். கலியாணக் கோட்டைப் போட்டேன். இந்த முறையும் பூட்டவில்லை. நான் இடப்பக்கச் சீட்டில். நீங்கள் அப்பாவுக்குச் சொன்ன மாதிரி நானும் இடப்பக்கம் பார்த்துச் சொல்வேன் என்று டோறினிடம் கேட்டு அந்த வேலையை வாங்கிக்கொண்டேன். தலையை முழுக்கத் திருப்பினால் தெரிகிறது. அவள் காரைப் பின்னுக்கு எடுத்தாள். "அந்தப் பக்கம் என்ன தெரியுது?" என்று கேட்டாள். நான் தலையை முழுக்கத் திருப்பிப் பார்த்து, "ஒண்டுமில்லை, வாரும்" என்றேன்.

முரிவாய் போய் வந்தும் மட்காட்டில் ஒரு கீறல்கூட இல்லை. வாசலில் இடப்பக்கம் நின்ற எங்கள் தபால் பெட்டிதான் இப்போது தண்டபாணி வீட்டுச் செவ்வந்திப் பாத்திக்குள் கிடக்கிறது. இதற்கான பதிலைப் பக்கத்து வீட்டு 16ஆம் இலக்கத்துக்கு, தண்டபாணி மேற்பார்த்து, என்று எழுதி அனுப்பவும்.

தம்பி,
சில்வெஸ்ரர்